நடப்பதற்கு முன் அமர்தல்: பக்கவாத நோயாளரும் நடுவுடற் பயிற்சியும்

பக்கவாதம் கண்ட ஒருவர் உயிர் தப்பி வீடு திரும்பியவுடன் உற்றாரும் அண்டை அயலாரும் கேட்கும் முதற் கேள்வி, "எப்போது நடப்பார்?" என்பதாகும். "கை எப்போது வரும்?" என்பது இரண்டாவது. "பிடிமானம் இல்லாமல் உட்கார முடிகிறதா?" என்று கேட்போர் மிகச் சிலரே. ஆயினும் விஞ்ஞான முறையில் நோக்கினால், இம்மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே முதலிரண்டு கேள்விகளுக்கும் பெரும்பாலும் விடை அமைகின்றது. கிராமங்களில் பணியாற்றும் சுகாதார ஊழியர்களும் ஆசிரியர்களும் இவ்வுண்மையை மனத்திற்கொண்டு செயற்பட்டால், கட்டிலோடு முடங்கிவிடக்கூடிய பலர் திண்ணையில் அமர்ந்து தம் கையால் உண்ணும் நிலையை அடையக்கூடும்.

வடமாலபேட்டையை இதற்கு ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையில், புத்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே அமைந்தது இவ்வூர். நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 2022 ஏப்ரலில் புதிதாக அமைக்கப்பட்ட திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. தெலுங்கும் தமிழும் கலந்து வழங்கும் வட்டாரம். மருத்துவ வசதி அற்ற பகுதி என்று இதனைக் கூற இயலாது. திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவர மருத்துவ விஞ்ஞான நிலையமும், ரூயா அரசு மருத்துவமனையும், திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் பேர்ட் மருத்துவமனையும் உள்ளன. தெற்கே வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி உள்ளது. அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் 108 அவசர ஊர்திப் பணி 2005-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது.

குறை தொடங்குவது மருத்துவமனையில் அன்று; அங்கிருந்து வீடு திரும்பிய பிறகே. மருத்துவமனையில் நோயாளர் தங்குவது சில நாட்கள். மூளை மீண்டும் பயிலவேண்டிய காலமோ பல மாதங்கள். அக்காலம் முழுவதும் பிசியோதெரபி எனப்படும் இயன்முறைச் சிகிச்சை தேவை. சிகிச்சையாளர் இருப்பதோ நகரில். நகருக்குச் செல்லப் பேருந்திலோ ஆட்டோவிலோ அமர்ந்து செல்ல வேண்டும். அமர முடியாதவர் எவ்வாறு செல்வார்? உட்காரக் கற்றுத் தரும் இடத்தை அடைவதற்கே உட்காரத் தெரிந்திருக்க வேண்டும் என்னும் இம்முரண்பாடே கிராம நோயாளரின் முதல் இடர்ப்பாடு. இதனை நீக்கும் வழி, சிகிச்சையின் முதற்படியை வீட்டு வாயிலுக்குக் கொண்டு செல்வதேயாம்.

நடுவுடலின் பணி

கழுத்திற்குக் கீழும் தொடைகளுக்கு மேலும் உள்ள உடற்பகுதியை இங்கு நடுவுடல் எனக் குறிப்பிடுவோம். முதுகு, வயிறு, விலா, இடுப்பு ஆகியவற்றின் தசைகள் ஒன்றுகூடி இதனை நிமிர்த்தி நிறுத்துகின்றன. ஒருவர் கையை நீட்டிச் சொம்பை எடுக்கிறார் என்றால், கை நகர்வதற்கு நொடிப்பொழுது முன்னரே நடுவுடற் தசைகள் இறுகி உடலை நிலைநிறுத்துகின்றன. காலை எடுத்து வைக்கும்போதும் அவ்வாறே. அடிமரம் ஆடினால் கிளைகள் நிலையாக நில்லா. நடுவுடல் தளர்ந்தால் கையும் காலும் தம் வேலையைச் செய்ய இயலா.

மூளையின் ஒரு பாதி பழுதுற்றால் எதிர்ப்புறக் கைகால்கள் செயலிழக்கின்றன என்பது பலரும் அறிந்தது. நடுவுடலின் அமைப்பு இதனினும் வேறுபட்டது. அதன் தசைகள் மூளையின் இரு பாதிகளிலிருந்தும் கட்டளை பெறுகின்றன. இதனால் இரண்டு விளைவுகள் உண்டாகின்றன. ஒன்று, பக்கவாதத்தில் நடுவுடல் கையைப் போல முற்றிலும் செயலிழப்பதில்லை. ஆகவே அதன் பலவீனம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. தொங்கும் கையை எல்லோரும் காண்கின்றனர். சரியும் முதுகை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. மற்றொன்று, பழுதுறாத பாதியின் துணை இருப்பதால், முறையாகப் பயிற்றினால் நடுவுடல் மீண்டும் வலுப்பெற நல்ல வாய்ப்பு உண்டு. மறைந்திருக்கும் குறைபாடு இது. அதே சமயம் திருத்தக்கூடிய குறைபாடும் ஆகும்.

ஆராய்ச்சிகள் கூறுவது

நெதர்லாந்து நாட்டில் நடைபெற்ற ஓர் ஆய்வின் முடிவு 2011-இல் வெளியாயிற்று. முதன்முறை பக்கவாதம் கண்டு, நடக்க இயலாதிருந்த 154 பேர் அதில் கவனிக்கப்பட்டனர். நோய் கண்ட 72 மணி நேரத்திற்குள் பிடிமானமின்றி 30 விநாடிகள் அமர முடிந்து, பாதிக்கப்பட்ட காலிலும் ஓரளவு அசைவு தோன்றியவர்கள், ஆறு மாதங்களில் துணையின்றி நடக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 98 எனக் கண்டனர். இவ்விரண்டும் இல்லாதவர்களுக்கு அவ்வாய்ப்பு 27 மட்டுமே. ஒன்பதாம் நாளிலும் இவை தோன்றாவிடில் 10 ஆகக் குறைந்தது. ஒருவர் எப்போது நடப்பார் என்று முன்கூட்டி உரைக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஒரு கட்டிலும் ஒரு கடிகாரமுமே போதியனவாயின.

பெல்ஜியத்தைச் சேர்ந்த வெர்ஹேடன் என்பாரும் அவர்தம் தோழர்களும் 2004-இல் நடுவுடற் குறைபாட்டை அளக்க ஓர் அளவுகோலை வெளியிட்டனர். மொத்த மதிப்பெண் 23. இதில் முதற் சோதனை மிக எளியது. நோயாளர் கட்டில் விளிம்பில், முதுகிற்கோ கைகளுக்கோ ஆதாரமின்றி, 10 விநாடிகள் அமர வேண்டும். இதில் தவறினால் மொத்த மதிப்பெண்ணே சுழியாகும். அமர்தல் பிற அசைவுகள் அனைத்திற்கும் வாயில் என்பதனை இவ்விதி நன்கு விளக்குகிறது.

நம் நாட்டு ஆராய்ச்சியும் இத்துறையில் இடம் பெற்றுள்ளது. மங்களூர் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியில் கார்த்திக்பாபுவும் அவர் குழுவினரும் நடத்திய ஆய்வு 2011-இல் வெளியிடப்பட்டது. பக்கவாதம் கண்டு சில நாட்களே ஆன 30 நோயாளர் இரு பிரிவாக்கப்பட்டனர். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், வாரத்திற்கு நான்கு நாட்கள், மூன்று வாரங்கள் இரு பிரிவினரும் நடுவுடற் பயிற்சி செய்தனர். ஒரு பிரிவினர் உறுதியான மேடையின்மீதும், மற்றப் பிரிவினர் காற்றடைத்த பெரிய பந்தின்மீதும் பயின்றனர். பந்தின்மீது பயின்றவர்கள் நடுவுடல் அசைவிலும் சமநிலையிலும் சற்று மேம்பட்டுக் காணப்பட்டனர். இது சிறிய அளவிலான முன்னோடி ஆய்வே என்பதை மறத்தலாகாது.

2023-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு 68 ஆய்வுகளை, 2,585 நோயாளரை, ஒருங்கே எடுத்து ஆராய்ந்தது. நடுவுடற் பயிற்சியால் நடுவுடலின் செயல், நிற்கும் சமநிலை, நடக்கும் ஆற்றல் ஆகியவை மேம்படுகின்றன என்பது அதன் முடிவு. ஆயினும் பிற பயிற்சிகளைச் சம அளவு நேரம் செய்தவர்களோடு ஒப்பிட்டபோது, குளித்தல், உடுத்தல் போன்ற அன்றாடச் செயல்களில் தெளிவான வேற்றுமை காணப்படவில்லை. பல ஆய்வுகளின் உறுதிப்பாடும் குறைவு. ஆகவே நடுவுடற் பயிற்சி ஒரு மந்திரமன்று. பிற பயிற்சிகளை விலக்கி இதனை மட்டும் செய்க என்பதும் எவர் கூற்றுமன்று. இது அடித்தளம், அதன்மேல் கட்டடம் எழுப்பப்பட வேண்டும் என்பதே சரியான கருத்து.

இரு தவறான எண்ணங்கள்

மக்களிடையே எதிரெதிரான இரு எண்ணங்கள் நிலவுகின்றன. முதலாவது, நோயாளருக்குப் பூரண ஓய்வே மருந்து என்பது. புத்தூரையடுத்த பகுதியின் எலும்புக் கட்டு தென்னாடு முழுவதும் பெயர் பெற்றது. எலும்பு முறிந்தால் அசையாமல் கட்டி வைப்பது வழக்கம் என்பதைக் கண்டு பழகிய மக்கள், செயலிழந்த கைகால்களையும் அவ்வாறே எண்ணிக் கொள்வது இயல்பே. ஆனால் முறிந்த எலும்பு ஓய்வில் கூடுகிறது. பக்கவாதத்தில் பழுதுற்றது எலும்பன்று, மூளை. மூளையோ மீண்டும் மீண்டும் செய்வதால் மட்டுமே கற்கிறது. எண்ணெய் தேய்த்தலும், சில இடங்களில் வழங்கும் புறா இரத்தம் பூசுதலும், நோயாளர் தாமே முயன்று செய்யும் அசைவுக்கு ஈடாகா. படுக்கையிலேயே கிடப்பவருக்குப் படுக்கைப் புண், நுரையீரல் அழற்சி, கால் நரம்புகளில் இரத்தம் உறைதல் முதலிய கேடுகளும் வந்து சேர்கின்றன.

இரண்டாவது எண்ணம், அவசரம். இருவர் இரு புறமும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, முற்றத்தில் நடத்திக் காட்டிவிட்டால் பாதி குணமாயிற்று என்று குடும்பத்தார் மகிழ்கின்றனர். உண்மையில் அங்கு நடப்பவர்கள் தூக்கிச் செல்லும் இருவரே. நோயாளரின் நடுவுடல் எதனையும் கற்பதில்லை. செயலிழந்த தோள் மூட்டு இழுபட்டு நழுவ, தீராத வலி தொடங்குவதும் உண்டு. மிகை அவசரத்தின் தீங்கை 2015-இல் வெளியான அவெர்ட் என்னும் பெரும் ஆய்வும் காட்டியது. ஐந்து நாடுகளில் 2,104 நோயாளரிடம் நடந்த அவ்வாய்வில், முதல் 24 மணி நேரத்திற்குள் அடிக்கடியும் மிகுதியாகவும் எழுப்பிப் பயிற்றப்பட்டவர்களுள் நற்பயன் கண்டோர் நூற்றுக்கு 46; வழக்கமான கவனிப்புப் பெற்றோருள் 50. ஆகவே எப்போது தொடங்குவது என்பதை மருத்துவரே கூற வேண்டும். அவர் இசைவளித்த பின் ஒரு நாளும் வீணாக்கலாகாது.

திண்ணையும் பயிற்சிக் கூடமே

பந்தும் பயிற்சி மேடையும் கிராமத்தில் கிடைப்பதில்லை என்பது தடையாகாது. பலகைக் கட்டில், பெஞ்சு, திண்ணை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று போதும். பாதங்கள் இரண்டும் தரையில் முழுமையாகப் படியும் உயரம் வேண்டும். கயிற்றுக் கட்டிலும் நாடாக் கட்டிலும் இதற்கு ஏற்றவை அல்ல. அவற்றின் நடுப்பகுதி பள்ளமாகிவிடுவதால் இடுப்பு பின்புறம் சரிந்து முதுகு கூனுகிறது.

முதற் கட்டம் படுத்த நிலையில் செய்வது. முழங்கால்கள் இரண்டையும் மடக்கிப் பாதங்களை ஊன்றி, இடுப்பைப் பாலம் போல் உயர்த்தி மெல்லத் தாழ்த்த வேண்டும். மடக்கிய முழங்கால்களை ஒருசேர வலமும் இடமும் சாய்க்க வேண்டும். இருபுறமும் புரண்டு படுக்கப் பழக வேண்டும். மலத்தட்டு வைக்கவும், படுக்கை விரிப்பை மாற்றவும் இவ்வசைவுகளே உதவுகின்றன என்பதால், பயிற்சியின் பயனைக் குடும்பத்தார் உடனே காண்பர்.

இரண்டாம் கட்டம் அமர்ந்த நிலை. கைகளை மடியில் வைத்து, முதலில் பத்து விநாடி, பின்னர் ஒரு நிமிடம், பின்னர் பல நிமிடங்கள் என அமர வேண்டும். அது நிலைத்தபின் உடற்பாரத்தை ஒரு புட்டத்திலிருந்து மறு புட்டத்திற்கு மாற்றுதல்; ஒரு பக்கமாகச் சாய்ந்து முழங்கையால் பலகையைத் தொட்டு மீண்டும் நிமிர்தல்; தோள்களைத் திருப்பிப் பின்புறம் நோக்குதல்; கைக்கு எட்டாத தொலைவில் வைத்த சொம்பை முன்னே சாய்ந்து தொடுதல் என்று படிப்படியாக உயர்த்த வேண்டும். பாதிக்கப்பட்ட பக்கம் சாய்வதற்கு நோயாளர் அஞ்சுவர். அப்பக்கத்திற்கே மிகுந்த பயிற்சி தேவை.

மூன்றாம் கட்டம் எழுந்து நிற்றல். பாதங்களைச் சற்றுப் பின்னிழுத்து, மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும்வரை முன்சாய்ந்து, பின் எழ வேண்டும். உயர்ந்த இருக்கையில் தொடங்கி, தேர்ச்சி வரவர உயரத்தைக் குறைக்கலாம். எழுவதைப் போலவே மெல்ல அமர்வதும் பயிற்சியேயாகும்.

சிலர் நல்ல கையால் ஊன்றித் தம்மைத் தாமே பாதிக்கப்பட்ட பக்கம் தள்ளிக்கொள்வர். இது பிடிவாதமன்று, நிமிர்வு எது என்பதை அறியும் மூளையின் உணர்வு பிறழ்ந்ததன் விளைவு. இவர்களை வலிந்து எதிர்ப்புறம் தள்ளினால் மேலும் எதிர்த்துத் தள்ளுவர். கதவு நிலை, தூண் போன்ற செங்குத்தான பொருளைக் காட்டி, அதற்கு நேராக உடலை நிறுத்துமாறு பொறுமையுடன் சொல்லித் தருதல் வேண்டும்.

பாதுகாப்பு பற்றிச் சில விதிகள் உள. உதவுபவர் எப்போதும் பாதிக்கப்பட்ட பக்கத்தில் நிற்க வேண்டும். கையைப் பிடித்து இழுத்தல் கூடாது. இடுப்பைச் சுற்றிக் கட்டிய துண்டையே பிடிமானமாகக் கொள்ளலாம். மூச்சுத் திணறல், மார்பு வலி, தலைசுற்றல், கடுந் தலைவலி இவற்றுள் எது தோன்றினும் உடனே நிறுத்த வேண்டும். முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல் புதிதாகத் தோன்றினால் தாமதமின்றி 108-ஐ அழைக்க வேண்டும். ஒரே முறை நெடுநேரம் செய்து களைப்பதைவிட, நாளில் பலமுறை சிறிது சிறிதாகச் செய்வது வீட்டிற்கு ஏற்றது.

குடும்பம் மட்டும் போதுமா?

இவ்வளவு எளியதாயின், குடும்பத்தாரிடமே முழுப் பொறுப்பையும் ஒப்படைத்துவிடலாமே என்ற கேள்வி எழுதல் இயல்பு. இக்கேள்விக்கு விடை காண இந்தியாவிலேயே ஒரு பெரும் ஆய்வு நடைபெற்றது. அட்டெண்ட் எனப்படும் அவ்வாய்வில், 2014 முதல் 2016 வரை, 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளர் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினரின் குடும்பத்தார்க்கு மறுவாழ்வுப் பயிற்சி முறைகள் கற்பிக்கப்பட்டன. மறு பிரிவினர் வழக்கமான கவனிப்பைப் பெற்றனர். 2017-இல் வெளியான முடிவு பலருக்கு ஏமாற்றம் அளித்தது. ஆறு மாதங்களில் இறந்தோரும் பிறரைச் சார்ந்து வாழ்வோருமாக இரு பிரிவிலும் நூற்றுக்கு 47 பேர் இருந்தனர்.

இதிலிருந்து குடும்பத்தாரின் உழைப்பு வீண் என்று கொள்வது பிழை. சில நாட்கள் சொல்லித் தந்துவிட்டு, பயிற்சி பெற்ற வல்லுநரின் பொறுப்பைக் குடும்பத்தின் தோளில் இறக்கிவிட இயலாது என்பதே அதன் படிப்பினை. பயிற்சியின் கடுமையை எப்போது கூட்டுவது, எப்போது நிறுத்துவது, தவறான அசைவு வேரூன்றுகிறதா என்பவற்றைக் கண்டறிய வல்லுநரின் கண் வேண்டும். மகனும் மருமகளும் வேலைக்குச் சென்றபின் முதியவரை யார் எழுப்பி அமர்த்துவது என்ற கேள்வியும் உண்டு. செலவைக் குறைக்கும் நோக்கத்தோடு "வீட்டாரே பார்த்துக் கொள்ளட்டும்" என்று கைகழுவுவது சிக்கனமன்று. பின்னர் பன்மடங்காகத் திரும்பி வரும் செலவு அது.

ஆகவே வேண்டுவது இரண்டின் இணைப்பு. நகரியைக் கடந்து திருத்தணி சென்றால் தமிழ்நாட்டு எல்லை. அம்மாநில அரசு 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில், இரத்தக் கொதிப்பு, நீரிழிவு ஆகியவற்றிற்கான மருந்துகளோடு இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. அமர இயலாதவர் பேருந்தேற வேண்டியதில்லை; அமரக் கற்பிப்பவர் பேருந்தேறி வருகிறார். இதுவே முறையான வரிசை. எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள கிராமங்கள் வாழ்க்கை முறையில் ஒத்தவை, நோயிலும் ஒத்தவை. இவ்வேற்பாடு எல்லா மாநிலங்களிலும் பரவுதல் வேண்டும்.

இத்தொழில் நம் நாட்டிற்குப் புதியதன்று. 1952-இல் பம்பாயில் இளம்பிள்ளை வாதம் பரவியதை அடுத்து, 1953-இல் அந்நகரில் இயன்முறைச் சிகிச்சைப் பள்ளி தோன்றியது. 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார்; அவர் முயற்சியால் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாயிற்று. உறுதியாக அமர முடிந்த ஒருவர் எவ்வளவு செய்ய இயலும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. 2021-ஆம் ஆண்டின் இணை நலவாழ்வுத் தொழில்கள் பற்றிய மத்தியச் சட்டம் இத்தொழிலுக்குச் சட்ட ஏற்பும் அளித்துள்ளது. வல்லுநர் உள்ளனர், அவர்களைக் கிராமம் வரை கொண்டு செல்லும் பாதையே குறைவு.

ஊழியரும் ஆசிரியரும் செய்யத்தக்கன

அப்பாதை அமையும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. இரத்தக் கொதிப்பை அளக்க வீடு செல்லும் சுகாதார ஊழியர், பக்கவாதம் கண்டவர் உள்ள வீட்டில் மேலும் ஒன்று செய்யலாம். தாம் பாதிக்கப்பட்ட பக்கத்தில் நின்றுகொண்டு, நோயாளரைப் பலகை விளிம்பில் அமர்த்தி, பத்து விநாடி எண்ணிப் பார்த்து, விளைவைக் குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம். அடுத்த முறை மீண்டும் பார்க்கலாம். இவ்விரு குறிப்புகளும் மருத்துவரிடம் சென்றால், யாரை முதலில் வல்லுநரிடம் அனுப்ப வேண்டும் என்பது தெளிவாகும். கயிற்றுக் கட்டிலை மாற்றச் சொல்வதும், கையைப் பிடித்து இழுக்காதிருக்கச் சொல்வதும் செலவில்லாத உதவிகள். கொதிப்பு மருந்தை இடைவிடாது உட்கொள்கிறாரா என்று கேட்பது மறுமுறை நோய் வாராமல் தடுக்கும்.

ஆசிரியர்களின் பங்கும் சிறிதன்று. முகம், கை, பேச்சு என்னும் மூன்று அறிகுறிகளை வகுப்பில் கற்ற சிறுவன், வீட்டில் தாத்தாவுக்கு நேர்ந்ததை முதலில் அறிந்து கூறக்கூடும். இரத்தக் குழாயின் அடைப்பைக் கரைக்கும் மருந்து நோய் தொடங்கிய நான்கரை மணி நேரத்திற்குள் தரப்பட வேண்டும் என்பதால், அச்சிறுவனின் அறிவு ஒருவரின் உடலைக் காப்பதாகும். பக்கவாதம் கெட்ட காற்றாலோ சாபத்தாலோ வருவதன்று என்று ஆசிரியர் சொல்லும் சொல்லுக்குக் கிராமத்தில் மதிப்பு உண்டு.

பக்கவாத நோயாளர் அனைவரும் மீண்டும் வயலுக்குச் செல்வர் என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆனால் தாமே நிமிர்ந்து அமர்ந்து, உணவைத் தம் கையால் உண்டு, வந்தவரோடு முகம் பார்த்துப் பேசும் நிலை, பலருக்கும் எட்டக்கூடியதே. அந்நிலை அவருக்கு மானத்தையும், அவரைப் பேணுவோர்க்கு ஓய்வையும் தருகிறது. நடை பின்னர் வரலாம், வாராமலும் போகலாம். அமர்தலைக் கற்பிக்காமல் விடுவதற்கு மட்டும் எவ்விதக் காரணமும் கூறுவதற்கில்லை.